சைட்மேப்: வரைபடமா, பட்டியலா?

ஓர் இணையதளத்தில் என்னென்ன பக்கங்கள் இருக்கின்றன என்று காட்டும் 'சைட்மேப்' என்பதற்குத் தமிழில் 'தளவரைபடம்' என்ற சொல் ஓரளவு நிலைத்துவிட்டது. சைட் என்றால் தளம், மேப் என்றால் வரைபடம், கூட்டினால் தளவரைபடம். சரி, கணக்கு நேராகத்தான் இருக்கிறது. ஆனால் தளத்திலுள்ள படங்களுக்கென்று 'இமேஜ் சைட்மேப்' என்று ஒன்று வந்து நின்றதும் கணக்கு உதைக்கிறது. 'பட வரைபடம்' என்றா எழுதுவது? வீடியோவை 'நிகழ்படம்' என்று எழுதுபவர்கள் பாடு இன்னும் மோசம்: 'நிகழ்பட வரைபடம்'. படிப்பவருக்கு வரைபடங்களைப் பற்றிய வரைபடமோ என்று தோன்றும்.

கோளாறு எங்கே என்று பார்க்க, சொல்லின் வேருக்குப் போக வேண்டும். சைட் என்பது இருப்பிடம், அமைவிடம் என்ற பொருளுள்ள 'சிடுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதில் பெரிய கதை இல்லை. மேப்பில் இருக்கிறது. லத்தீனில் 'மப்பா' என்றால் துணி. சாப்பாட்டு மேசையில் கை துடைக்கும் துணி. ரோமில் தேர்ப்பந்தயம் தொடங்குவதற்கு அடையாளமாகக் கீழே போடப்பட்ட துணிக்கும் மப்பா என்றுதான் பெயர். இது வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ்காரர்கள் பேசிய பியூனிக் மொழிச் சொல் என்று முதல் நூற்றாண்டு ரோமானியரான குவிண்டிலியன் சொல்லியிருக்கிறார். இடைக்காலத்தில் உலகப் படத்தை 'மப்பா முண்டி', அதாவது உலகத்துணி, என்றார்கள். அது சுருங்கி மேப் ஆனது.

தமிழிலும் இதே கதைதான். 'படம்' என்பதற்குத் துணி என்றும் பொருள் உண்டு. பேகன் மயிலுக்குக் கொடுத்த படாம் நினைவிருக்கிறதா? துணியைக் குறித்த சொல், துணியில் தீட்டிய ஓவியத்துக்கும் ஆகி, பிறகு எல்லாப் படங்களுக்கும் ஆகிவிட்டது. ஆக, மேப்புக்கு வரைபடம் என்று பெயர் வைத்தவர் வேரைத் தோண்டிப் பார்த்தாரோ இல்லையோ, பொருத்தமான சொல்லைத்தான் பிடித்திருக்கிறார். தமிழாக்கத்தில் பிழை இல்லை. ஆங்கிலப் பெயரே பொருளைவிட்டு விலகிப்போய்விட்டது.

முதலில் சைட்மேப் என்றால் மனிதர்கள் பார்ப்பதற்கான பக்கம். எந்தப் பிரிவின் கீழ் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கிளை கிளையாகக் காட்டும். அதை வரைபடம் என்பதில் தவறே இல்லை. 2005 ஜூனில் கூகுள் அதே பெயரை வேறொன்றுக்கு வைத்தது: தேடுபொறிக்காக எழுதும் எக்ஸ்எம்எல் கோப்பு, அதாவது தகவலைக் குறிகளுக்குள் எழுதிவைக்கும், கணினி படிப்பதற்கான கோப்பு. 2006 நவம்பரில் யாஹூவும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்துகொள்ள, அது பொது வடிவம் ஆனது. கோப்பைத் திறந்து பார்த்தால் உள்ளே முக்கியமாக இருப்பவை முகவரிகள், ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது மாறியது என்ற தேதி, அவ்வளவுதான். எது எதற்குக் கீழே, எங்கிருந்து எங்கே போவது என்ற தகவல் எதுவும் கிடையாது. முக்கியத்துவத்தைக் குறிக்க 'பிரையாரிட்டி' என்று ஒரு குறி உண்டு. அதைக் கூகுள் கண்டுகொள்வதே இல்லை. இது வரைபடம் இல்லை, பட்டியல்.

ஊடகவகைகளுக்கு வரும்போது இது இன்னும் தெளிவாகும். படங்களுக்கான குறிகளில் இன்று வேண்டியது படத்தின் முகவரி மட்டும். தலைப்பு, விளக்கம், உரிமம் போன்றவற்றைக் கூகுள் 2022இல் கைவிட்டது. ஒரு பக்கத்துக்கு 1,000 படங்கள் வரை சேர்க்கலாம். படக்கோப்பு வேறொரு டொமைனில் இருந்தாலும் பரவாயில்லை. வீடியோவுக்கு இவ்வளவு சுருக்கமாக முடியாது: சிறுபடம், தலைப்பு, விளக்கம், அப்புறம் வீடியோ கோப்பின் முகவரி அல்லது அதை இயக்கும் பிளேயரின் முகவரி என எல்லாம் வேண்டும். ஏனென்றால் தேடுபொறியால் எழுத்தைப் படிப்பதுபோல வீடியோவை எளிதாகப் படித்துவிட முடியாது. செய்திக்கான பட்டியல் சீக்கிரம் பழசாகிவிடும்: கடைசி இரண்டு நாள் செய்திகள் மட்டும், ஒரு கோப்புக்கு 1,000 வரை. பழையவற்றை எடுத்துவிட வேண்டும். ஒலிக்குத் தனிவகையே இல்லை. பாட்காஸ்ட்கள், புதிதாக வந்தவற்றை அறிவிக்கும் ஆர்எஸ்எஸ் ஓடை வழியாகப் போகின்றன.

இவற்றையெல்லாம் ஒரே கோப்பில் கலந்து எழுதவும் விதி இடம் கொடுக்கிறது. நான் பிரித்து வைக்கவே சொல்வேன். எந்தக் கோப்பில் எத்தனை முகவரிகள் ஏற்கப்பட்டன என்று தேடுபொறியின் அறிக்கையில் பார்க்கும்போது, சிக்கல் வீடியோவிலா செய்தியிலா என்று உடனே தெரிந்துவிடும். ஒரு கோப்பில் 50,000 முகவரிகள், சுருக்காத நிலையில் 50 எம்பி என்பது வரம்பு. அதைத் தாண்டினால் பிரித்தே ஆக வேண்டும்.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? மனிதர்கள் பார்க்கும் பக்கத்துக்குத் தளவரைபடம் இருக்கட்டும். தேடுபொறிக்குத் தரும் கோப்புக்குத் 'தளப்பட்டியல்' என்பதே என் தேர்வு. 'அடங்கல்' என்ற பழைய சொல்லும் மனத்தில் வந்துபோனது. நிலக்கணக்கில் இன்றும் புழங்கும் அழகான சொல் அது. ஆனால் எல்லாம் அடங்கியது என்ற பொருள் இங்கே இடிக்கும். தேடலில் வர வேண்டிய முகவரிகளை மட்டுமே இந்தக் கோப்பில் எழுதுகிறோம், நகல் பக்கங்களையும் நீக்கிய பக்கங்களையும் விட்டுவிடுகிறோம்.

தளப்பட்டியல் என்று வைத்துக்கொண்டால் மற்றவை தானாக அமையும்: படப்பட்டியல், காணொளிப் பட்டியல், செய்திப் பட்டியல். பல பட்டியல்களின் முகவரிகளை மட்டும் அடுக்கிவைக்கும் 'சைட்மேப் இண்டெக்ஸ்' கோப்புக்குத் 'தாய்ப்பட்டியல்' என்று எழுதிப் பார்த்தேன், நன்றாகவே உட்கார்ந்தது.