ஆல்கலாய்டு: காரம் இல்லாத காரப்போலி

மொரீசியசில் வேதியியலை ஆங்கிலத்தில் படிக்கிறோம், செய்தித்தாளைப் பிரெஞ்சில் வாசிக்கிறோம், தமிழ் தனியே ஒரு மொழிப்பாடம். அதனால் மூலிகை பற்றித் தமிழில் நாலு வரி எழுத உட்கார்ந்தால், 'ஆல்கலாய்டு' வருமிடத்தில் பேனா நின்றுவிடுகிறது. பலர் 'மூலிகைச் சத்து' என்று எழுதித் தாண்டிவிடுகிறார்கள். அது போதாது. போர்ட் லூயி சந்தையில் டிசானுக்காக, அதாவது மூலிகைக் கஷாயத்துக்காக, கட்டி விற்கும் எல்லா இலையிலும் ஏதோ ஒரு சத்து உண்டு. ஆனால் எல்லாம் ஆல்கலாய்டு அல்ல.

நைட்ரஜன் அணு உள்ள, பெரும்பாலும் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) கொண்ட இயற்கைச் சேர்மமே ஆல்கலாய்டு. பூச்சியும் மாடும் தின்றுவிடாமல் தன்னைக் காத்துக்கொள்ளச் செடி உண்டாக்குவது என்று பொதுவாகச் சொல்வார்கள். நாக்குக்கு அனேகமாகக் கசக்கும். சிறிதளவே உடம்பில் பெரிய வேலை செய்யும். காபியில் கஃபீன், புகையிலையில் நிகோட்டின், எட்டிக்கொட்டையில் ஸ்ட்ரிக்னைன், மிளகில் பைப்பரின் எல்லாம் இந்த வகைதான்.

சொல்லின் வேர் அரபு மொழியில் இருக்கிறது. உப்பு நிலத்துச் செடிகளை எரித்த சாம்பல் அங்கே 'அல்-கலி'. அதிலிருந்து 'ஆல்கலி', அதாவது வேதியியல் சொல்லும் காரம், வந்தது. செடியிலிருந்து அமிலந்தான் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த காலத்தில், அபினிலிருந்து மார்ஃபினைப் பிரித்த ஜெர்மானிய மருந்தாளுநர் செர்ட்யூர்னர் அது காரம்போல நடந்துகொள்வதைக் காட்டினார். அப்புறம் 1819இல் ஹாலே நகர மருந்தாளுநர் மைஸ்னர், இத்தகைய பொருள்களுக்கு 'ஆல்கலாய்டு' என்று பெயர் வைத்தார். கடைசியில் ஒட்டியிருக்கும் 'ஆய்டு' கிரேக்கம். 'அதன் வடிவான, அதைப் போன்ற' என்று பொருள். அடுத்த ஆண்டே பாரிசில் பெல்த்தியேவும் காவன்தூவும் சிங்கோனா பட்டையிலிருந்து குவினைனைப் பிரித்தெடுத்தார்கள். 1867இல் மலேரியா நம் தீவைச் சூறையாடியபோது காய்ச்சலுக்கு இருந்த மருந்து அதுதான். தமிழ்ப் பேச்சில் 'கொய்னா' ஆனதும் அதுவே.

இந்தப் பக்கத்துச் செடி என்று உரிமையோடு சொல்ல நித்தியகல்யாணி இருக்கிறது. பிறந்த இடம் மடகாஸ்கர், பிரெஞ்சில் பெர்வான்ஷ். சர்க்கரை நோய்க்கு இதைக் கொதிக்க வைத்துக் குடிப்பவர்கள் பல நாடுகளில் உண்டு. ஜமைக்காவிலும் அப்படித்தான். அங்கிருந்து வந்த இலைகளைக் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சோதித்தார்கள். எலிகளுக்குச் சர்க்கரை குறையவில்லை, வெள்ளையணுக்கள் குறைந்தன. அதைப் பின்தொடர்ந்து போய் 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்ததாக அறிவித்தார்கள். பின்னால் வின்கிறிஸ்டினும் கிடைத்தது. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழல்கள் உருவாகாமல் இவை தடுக்கின்றன. அதனால் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் வின்கிறிஸ்டின் கொடுக்கிறார்கள். ஒரே செடியில் நூற்றுக்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருந்தாலும், இந்த இரண்டும் இலையில் இருப்பது மிக மிகச் சொற்பம். வெள்ளையணுவைக் குறைக்கும் பொருள் உள்ள இலை என்று தெரிந்த பிறகும் அதை டிசான் போட்டுக் குடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி, ஆல்கலாய்டு அல்லாதவை. வயிற்று வலிக்கு இங்கே எல்லாரும் போடும் அயாபானா இலையில் பெயர்பெற்ற அயாபானின், கூமரின் என்ற வேறு வகைச் சேர்மம். அதில் நைட்ரஜனே இல்லை. வேம்பின் கசப்பு லிமனாய்டு, பாகலின் கசப்பு டிரைடெர்பீன் வகை. கசந்தால் ஆல்கலாய்டு என்ற கணக்கு இங்கே பொய்த்துவிடும்.

சரி, தமிழில் என்ன எழுதுவது? தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'ஆல்கலாய்டு' என்றே எழுதுகின்றன. கலைச்சொல்லாக்கத்தில் 'காரப்போலி' உண்டு. காரம் போன்றது, அதாவது மூலச்சொல் சொல்வதே. 'போலி' என்றதும் கள்ளச்சரக்கு நினைவுக்கு வருகிறதே என்பவர்களுக்கு இலக்கணப்போலியை நினைவூட்டலாம். 'இல்முன்' இடம் மாறி வந்த 'முன்றில்' போலிதான், ஆனால் யாரும் அதைத் தள்ளுவதில்லை.

என் தயக்கம் முன்பாதியில்தான். காரம் என்றால் வாசகருக்கு மிளகாய் நினைவு வரும். அப்பளக்காரத்திலும் வெங்காரத்திலும் பழைய பொருள் உயிரோடு இருக்கிறது என்பது உண்மை. படிகாரத்தைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம், அது நீரில் அமிலத்தன்மை காட்டும். இரண்டு பொருளுக்கும் வேர் 'க்ஷாரம்' என்ற வடசொல்தான், ஆகவே தனித்தமிழ் என்று மார்தட்டவும் இடமில்லை. மிளகின் பைப்பரின் விஷயம் இன்னும் வேடிக்கை. நாக்கில் காரம், வேதியியலில் காரத்தன்மை ஏறக்குறைய இல்லை, பெயர் மட்டும் காரப்போலி!

ஆனாலும் என் தேர்வு காரப்போலியே. கட்டுரையில் முதலில் வருமிடத்தில் 'காரப்போலி எனப்படும் ஆல்கலாய்டு' என்று எழுதிவிட்டு, பிறகு காரப்போலி என்றே தொடரலாம். குவினைன், வின்கிறிஸ்டின் போன்ற தனிப்பெயர்களை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. நைட்ரஜன் இல்லாதவற்றுக்கும், எதுவென்று தெரியாதவற்றுக்கும் 'இயற்கைச் சேர்மம்' போதும்.