பைண்டர்: பசையா, பிணைப்பானா?

உலோகத்தூளை மெல்லிய அடுக்காகப் பரப்பி, தேவையான இடங்களில் மட்டும் திரவத் துளிகளைத் தெளித்து, அடுக்கின்மேல் அடுக்காக உருவத்தை எழுப்பும் முப்பரிமாண அச்சு முறைக்கு பைண்டர் ஜெட்டிங் என்று பெயர். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இமானுவேல் சாக்ஸ் குழுவினர் 1989-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை. தெளிக்கப்படும் அந்தத் திரவம்தான் பைண்டர்.

பைண்ட் என்றால் கட்டு. சமஸ்கிருத 'பந்த'மும் இதே இந்தோ-ஐரோப்பிய வேரில் பிறந்தது. நம் 'பந்தம்' அங்கிருந்து வந்தது. ஆக, பைண்டரும் பந்தமும் தூரத்துச் சொந்தம். பெயிண்டில் நிறத்தூளைப் பிடித்துவைக்கும் பிசினும் பைண்டர்தான்.

சரி, தமிழில்? பசை என்று சொல்லிவிடத் தோன்றும். எனக்கு உடன்பாடில்லை. பசை ஒட்டிய இடத்திலேயே தங்கிவிடும். இதுவோ தங்கவே கூடாது. அச்சான உருவைச் சூடாக்கி முதலில் பைண்டரை வெளியேற்றுவார்கள். அப்புறம் உலையில் தூள் துகள்கள் உருகாமலே ஒன்றோடொன்று இறுகும். அதனால் 'பிணைப்பான்' என்பேன். பிணை என்றால் கட்டு, ஜாமீனும்கூட. பிணை நின்றவர் காரியம் முடிந்ததும் விலகிவிடுவார் அல்லவா? (உலைக்குப் போகாத உருவை ஆங்கிலத்தில் 'கிரீன்' என்பார்கள். நமக்கு அது புதிதல்ல. சுடாத பானை பசுமட்கலம்தானே.)

பிணைப்பான் சோதனையிலும் இந்த இரட்டை வேலைதான் அளக்கப்படுகிறது. பிடிக்கிறதா என்று பார்க்க, திரவத்தின் பாகுநிலை, பரப்பு இழுவிசை, தூளின்மேல் துளி எவ்வளவு பரவும் என்று காட்டும் சேர்கோணம் ஆகியவற்றை அளப்பார்கள். பிறகு பச்சை உருவில் ஒரு சிறு பட்டையை வளைத்து முறிக்கும் சோதனை.

விலகுகிறதா என்பதுதான் சிக்கலான பாதி. பிணைப்பானைச் சிறிது சிறிதாகச் சூடாக்கி எடை குறைவதைப் பதிவு செய்வார்கள். காற்றில் சுத்தமாக எரிந்துபோவது ஆர்கான் வாயுவில் கரியாக மிஞ்சலாம். ஆகவே உலையில் எந்த வாயுவோ, சோதனையிலும் அதுவே இருக்க வேண்டும். 316எல் எனும் துருப்பிடிக்காத எஃகில் கார்பன் 0.03 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மிஞ்சும் கரி குரோமியத்தோடு சேர்ந்து கார்பைடானால், துருவைத் தடுக்க வேண்டிய குரோமியம் அந்த இடத்தில் குறைந்துவிடும்.

இந்த வெளியேற்றும் படிக்கு 'டிபைண்டிங்' என்று பெயர். 'பசை நீக்கம்' என்றால் சுவரொட்டியைச் சுரண்டுவதுபோல் ஒலிக்கிறது. 'பிணைப்பு நீக்கம்' என்றால் உருவே உதிர்ந்துவிட்டதோ என்று தோன்றும். 'பிணைப்பான் நீக்கம்' என்றே எழுதலாம்.