மை இருக்கிறது, எதிர்ப்பாற்றல் எங்கே?

இடது கைச் சுண்டுவிரலில் ஒரு மைக்கோடு: போலியோ சொட்டு மருந்து போட்டாயிற்று என்பதற்கு அடையாளம். 2000களில் மேற்கு உத்தரப் பிரதேசத்தில் இந்த மையைப் பல முறை வாங்கிய குழந்தைகளுக்கும் கால் சூம்பியது. மருந்து வெயிலில் கெட்டிருக்குமோ? அதற்குக் குப்பியின் லேபிளிலேயே காவல் உண்டு. ஒரு வட்டம், நடுவே வெளிர்நிறச் சதுரம். சூடு பட்டால் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் குப்பியைக் கழித்துவிட வேண்டும். கோளாறு குப்பியில் அல்ல, குடலில் இருந்தது.

சொட்டு மருந்தில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள வைரஸ். அது குடலில் பெருகினால்தான் எதிர்ப்பாற்றல் உண்டாகும். நெரிசலும் திறந்த சாக்கடையும் உள்ள ஊரில் குழந்தையின் குடலை வேறு வைரஸ்கள் முன்பே பிடித்துக்கொண்டிருக்கும். போதாததற்கு ஓயாத வயிற்றுப்போக்கு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான், நம் குழந்தைகளிடம் இந்த மருந்து சரியாகப் பிடிப்பதில்லை என்று 1970களிலேயே சொன்னார். டெல்லி அப்போது காது கொடுத்திருக்கலாம்.

உத்தரப் பிரதேசத்தில், போலியோ வைரஸின் மூன்று வகைகளில் ஒன்றான டைப் 1-க்கு எதிராக ஒரு தவணையின் பலன் சுமார் 9 சதவீதம்தான் என்று 2006இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அப்படியென்றால் பத்துத் தவணை போட்டாலும் நூற்றில் நாற்பது குழந்தைகள் பாதுகாப்பின்றி நிற்பார்கள்.

மருந்துக்குள்ளேயே ஒரு பங்காளிச் சண்டையும் நடந்தது. அதிலிருந்த மூன்று வகை வைரஸ்களில் டைப் 2 முந்திக்கொண்டு மற்ற இரண்டையும் தள்ளிவிடும். இத்தனைக்கும் இயற்கையான டைப் 2 உலகில் கடைசியாகத் தென்பட்டது 1999இல், அலிகாரில். இல்லாத எதிரிக்கான மருந்து, இருக்கும் எதிரிக்கான மருந்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது! 2005இல் ஒற்றை வகை மருந்து வந்ததும் பலன் ஏறத்தாழ மூன்று மடங்கானது. 2010 ஜனவரியில் டைப் 1, 3 இரண்டும் சேர்ந்த மருந்து வந்தது.

மருந்து மாறினாலும் கதவைத் தட்ட ஆள் வேண்டுமே. மலட்டுத்தன்மை வரும் என்ற வதந்தியை மதத் தலைவர்கள் பேசித் தணித்தார்கள். பீகாரின் கோசி ஆற்று மணல்திட்டுகளில் சொட்டு மருந்துப் பணியாளர்கள் குளிர்பெட்டியைத் தோளில் மாட்டி நடந்தார்கள். செங்கல் சூளைகளிலும் ஓடும் ரயில்களிலும் குழந்தைகளைத் தேடினார்கள்.

2009இல் இந்தியாவில் 741 பேருக்குப் போலியோ, உலகிலேயே அதிகம். 2010இல் 42. 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு பெண் குழந்தை. அதன்பின் இயற்கையான போலியோ வைரஸால் இங்கே யாரும் பாதிக்கப்படவில்லை.