படத்தைக் கையால் மூடிக்கொண்டு நிறுவுங்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் நடத்தும் மாலை வகுப்பில், படிவம் 5 மாணவி ஒருத்தி சென்ற வாரம் ஒரு நிறுவலை எழுதிக் காட்டினாள். ஏபிசிடி ஒரு நாற்கரம். அதில் ஏபியும் டிசியும் சமம், இணையும்கூட. அது இணைகரம் என்று நிறுவ வேண்டும். ஏசி என்ற மூலைவிட்டத்தை வரைந்தாள். அதுவரை சரி. அடுத்த வரியில், "ஏடியும் பிசியும் இணை, ஆகவே ஒன்றுவிட்ட கோணங்கள் சமம்" என்று எழுதிவிட்டாள்.

"ஏடியும் பிசியும் இணை என்று யாரம்மா சொன்னது?"

"படத்திலேயே தெரிகிறதே, டீச்சர்!"

எதை நிறுவ வேண்டுமோ அதையே காரணமாகக் காட்டியிருந்தாள். இந்தத் தவறை மக்குப் பிள்ளைகள் செய்வதில்லை. பண்புகளை மனப்பாடமாக வைத்திருக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் செய்கிறார்கள். இணைகரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதன் பண்புகள் எல்லாம் வரிசைகட்டி வந்து நிற்கின்றன. எது கேள்வியில் கொடுத்தது, எது நாம் கண்டுபிடிக்க வேண்டியது என்ற பிரிவு அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோகிறது.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நாற்கரங்களின் பண்புகள் படிவம் 1-இல் வருகின்றன; பெரும்பாலும் அளந்து பார்த்துத்தான் அறிகிறார்கள். மறுதலை, அதாவது 'இது என்றால் அது' என்பதை 'அது என்றால் இது' என்று திருப்பிச் சொல்வது, பிள்ளைகள் பள்ளியில் மலாயில் கேட்கும் 'அக்காஸ்', படிவம் 4-இன் தருக்கப் பாடத்தில் வருகிறது. முக்கோணங்களின் சர்வசமம், அதாவது வடிவமும் அளவும் ஒன்றாக இருப்பது, படிவம் 5-இல். ஒரு நல்ல நிறுவலுக்கு இந்த மூன்றும் ஒரே நேரத்தில் வேண்டும். மூன்றையும் ஒரே மேசையில் கொண்டுவந்து வைக்க யாருக்கும் நேரமில்லை.

அந்த நிறுவலுக்கு உண்மையில் தேவையானது கொஞ்சம்தான். ஏபியும் டிசியும் இணை என்பது கேள்வியிலேயே இருக்கிறது. அதனால் பிஏசி, டிசிஏ என்ற கோணங்கள் சமம். ஏபி, டிசி சமம் என்பதும் கொடுத்ததே. ஏசி இரண்டு முக்கோணங்களுக்கும் பொது. இரு பக்கங்களும் இடைப்பட்ட கோணமும் பொருந்துவதால் முக்கோணங்கள் சர்வசமம். அதிலிருந்து பிசிஏ, டிஏசி கோணங்கள் சமம் என்று கிடைக்கிறது. அதற்குப் பிறகுதான் ஏடியும் பிசியும் இணை. மாணவி முதலில் எழுதியது கடைசியில் வர வேண்டிய வரி.

இப்போதெல்லாம் நான் கரும்பலகையில் வேண்டுமென்றே கோணல்மாணலாகத்தான் வரைகிறேன். "டீச்சருக்கு வரையத் தெரியவில்லை" என்று பின்வரிசையில் ஒரு சிரிப்பு. இருக்கட்டும். படம் அசிங்கமாக இருந்தால், கண்ணை நம்பாமல் கேள்வியைப் படிக்கிறார்கள்.

சொல்லும் சில சமயம் ஏமாற்றும். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் தளவரைபடம், ஒரு சதுரத்தின் மேல் இன்னொன்றை 45 பாகை திருப்பி வைத்த எட்டுமுனை நட்சத்திரத்திலிருந்து பிறந்தது. திருப்பிய சதுரத்தைக் காட்டினால், "சாய்சதுரம்" என்கிறார்கள். சாயாத சதுரத்தைக் காட்டினால், "சாய்சதுரம் இல்லை" என்கிறார்கள். நான்கு பக்கங்களும் சமம் என்பதால் இரண்டுமே சாய்சதுரம்தான். சாய்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதல் விடை சரி, காரணம் தவறு. எனக்கு அந்தச் சரியான விடைதான் அதிகக் கவலை தருகிறது.

மறுதலை விஷயமும் இப்படித்தான். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம். மூலைவிட்டங்கள் சமமாக இருந்தால் செவ்வகமா? இருசமபக்கச் சரிவகத்திலும் அவை சமம்தானே. வீட்டில் இரண்டு சமமான உறிஞ்சுகுழல்களை நடுப்புள்ளி தவிர வேறெங்காவது குறுக்கே வைத்து, முனைகளைக் கோட்டால் இணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதைச் சொன்னபோது, மகளை அழைத்துப்போக வந்திருந்த அப்பா ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் தச்சர். "கதவு நிலை சரியா என்று மூலைக்கு மூலை நாடா பிடித்துத்தான் பார்க்கிறோம், டீச்சர். இரண்டும் சமமாக இருந்தால் மட்டம். இத்தனை வருஷத்தில் ஒன்றும் கோணவில்லையே!"

"எதிரெதிர்ச் சட்டங்களை எப்படி வெட்டுவீர்கள்?"

"ஒரே நீளமாகத்தான். அது முதலிலேயே..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். பிறகு மகளின் நோட்டுப்புத்தகத்தை வாங்கி, 'கொடுக்கப்பட்டது' என்ற வரி எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்.