ஜேம்ஸ்டவுன் பட்டினிக்கு மரம் சொன்ன சாட்சி

1607 மே மாதம். மூன்று பாய்மரக் கப்பல்கள் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் செசபீக் விரிகுடாவுக்குள் நுழைந்து, ஓர் ஆற்றில் ஏறி, சதுப்பான ஒரு சின்னத் தீபகற்பத்தில் 104 பேரை இறக்கிவிட்டன. எல்லாரும் ஆண்களும் சிறுவர்களும்தான். ஆற்றுக்கும் ஊருக்கும் தங்கள் அரசர் ஜேம்ஸின் பெயரையே வைத்தார்கள்: ஜேம்ஸ் ஆறு, ஜேம்ஸ்டவுன். வர்ஜீனியா மாநிலத்தின் வரலாற்றை ஆங்கிலேயர்கள் இங்கிருந்துதான் எண்ணத் தொடங்குவார்கள். (பவ்ஹாட்டன் மக்களைக் கேட்டால் வேறு கணக்கு வரும். அவர்கள் வெகு காலமாக அங்கேயே இருந்தவர்கள்.) அடுத்த ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து உதவிக் கப்பல் வந்தபோது, அந்த 104 பேரில் 38 பேர்தான் மிச்சம்.

ஏன் இப்படி ஆனது? வெகு காலமாகச் சொல்லப்பட்ட பதில், வந்தவர்கள் சோம்பேறிகள் என்பதுதான். பலர் கனவான்கள், மண்வெட்டி பிடித்துப் பழகாதவர்கள், உழுவதை விட்டுவிட்டுத் தங்கம் தேடினார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் 1998-ல் ஒரு புதிய சாட்சி வந்தது. அது ஒரு மரம்.

வர்ஜீனியாவின் தென்கிழக்கில் பிளாக்வாட்டர், நாட்டோவே என்று இரண்டு ஆறுகள். அவற்றின் ஓரத்துச் சதுப்புகளில் நீருக்குள்ளேயே நிற்கும் மரங்கள் உண்டு. குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்துவிடுவதால் மொட்டை சைப்ரஸ் என்று பெயர். லேசில் சாகாத மரம் இது. பக்கத்து மாநிலமான வட கரோலினாவில் ஒரு மொட்டை சைப்ரஸுக்கு வயது 2,600-க்கும் மேல். ஆங்கிலேயக் கப்பல்கள் வந்தபோதே அது 2,200 வயதுக் கிழம்.

மரம் எப்படி வயதைக் குறித்து வைக்கிறது? பட்டைக்கு அடியில் உயிருள்ள மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. வசந்தத்தில் அது பெரிய, சுவர் மெலிந்த செல்களை உள்பக்கமாக உருவாக்கும். கட்டையில் அந்தப் பகுதி வெளிறித் தெரியும். கோடை முடியும் நேரத்தில் செல்கள் சிறுத்து, சுவர் தடித்து, நிறம் கறுக்கும். குளிரில் வளர்ச்சி நின்றுவிடும். ஒரு வெளிர் பகுதியும் ஒரு கறுப்புக் கோடும் சேர்ந்தால் ஓர் ஆண்டின் வளையம். நல்ல மழை பெய்த ஆண்டில் வளையம் அகலமாக இருக்கும், வறண்ட ஆண்டில் ஒடுங்கிப்போகும்.

ஆனால் ஒரே மரத்தை நம்பினால் ஏமாந்துபோவோம். பக்கத்து மரத்தின் நிழலாலும் பூச்சி அரித்ததாலும் வளையம் ஒடுங்கலாம். சில ஆண்டுகளில் வளையமே உருவாகாமல் போவதும் உண்டு. அதனால் பல மரங்களிலிருந்து மாதிரி எடுப்பார்கள். வெட்ட வேண்டியதில்லை, உள்ளே குழலாக இருக்கும் துளைப்பானைத் திருகி, பென்சிலைவிட மெல்லிய குச்சி ஒன்றை உருவி எடுத்தால் போதும். அகலம், ஒடுக்கம், ஒடுக்கம், அகலம் என்று அதில் வரும் வரிசை, கடைப் பொருள்களில் இருக்கும் பார்கோடு மாதிரி. ஒரு மரத்தின் வரிசையை இன்னொரு மரத்தின் வரிசையோடு நகர்த்தி நகர்த்திப் பொருத்துவார்கள். செத்துக் கிடக்கும் பழைய கட்டையின் வெளி வளையங்கள், உயிருள்ள மரத்தின் உள் வளையங்களோடு பொருந்தினால் காலம் இன்னும் பின்னே நீளும்.

அப்புறம் ஒரு வேலை பாக்கி. மழைமானி வைத்து அளந்த அண்மைக்கால ஆண்டுகளின் கணக்கை அதே ஆண்டுகளின் வளையங்களோடு ஒப்பிட்டு, எந்த அகலத்துக்கு எவ்வளவு ஈரம் என்று பிடித்துக்கொள்வார்கள். அதை வைத்து, மழைமானியே இல்லாத நூற்றாண்டுகளுக்கு இறங்கலாம். அர்கான்சா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்டேலும் அவருடன் சேர்ந்தவர்களும் இப்படி 1185 வரை போனார்கள்.

கிடைத்த விடை அவர்களுக்கே திகைப்பாக இருந்திருக்கும். 1606 முதல் 1612 வரையான ஏழு ஆண்டுகள், 770 ஆண்டுகளில் மிக வறண்ட ஏழு ஆண்டுகள். கப்பல்கள் வந்து நின்றது அதன் இரண்டாம் ஆண்டில். அதற்கு முன் 1587-ல், இன்றைய வட கரோலினாக் கரையோரத்தில் உள்ள ரோனோக் தீவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர்களைக் குடியேற்றிவிட்டு, அவர்களின் ஆளுநர் ஜான் வைட் இங்கிலாந்து போனார்; 1590-ல் திரும்பி வந்து பார்த்தால் ஒருவரையும் காணோம், மரத்தில் செதுக்கிய ‘குரோட்டோவன்’ என்ற பக்கத்துத் தீவின் பெயர்தான் இருந்தது. மரக்கணக்கில் 1587 முதல் 1589 வரையான மூன்று ஆண்டுகள், 800 ஆண்டுகளில் மிகக் கொடிய மூன்று ஆண்டு வறட்சி. இதைவிட மோசமான நேரத்தைத் தேடிப்பிடித்தாலும் கிடைத்திருக்காது.

சரி, ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு வறட்சியால் என்ன? ஜேம்ஸ்டவுன் அருகே ஜேம்ஸ் ஆற்றில் கடல் ஓதம் ஏறி இறங்கும். மேலிருந்து வரும் நன்னீர் வலுவாக இருந்தால் கடல்நீரைக் கீழே தள்ளி வைக்கும். மழை குறைந்தால் அந்தத் தள்ளுவிசை தளரும். உப்புநீர் கனமானது, ஆற்றின் அடியோடு ஊர்ந்து மேலேறி வரும். உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில் சேறும் கழிவும் கடலுக்குப் போகாமல் முன்னும் பின்னும் அலைந்துகொண்டிருக்கும். அந்த நீரைத்தான் அவர்கள் குடித்தார்கள். ஓதம் ஏறும்போது ஒரே உப்பு, இறங்கும்போது சேறும் அழுக்கும், இதுவே எங்களில் பலரை அழித்தது என்ற பொருளில் குடியேறியவர்களில் ஒருவரான ஜார்ஜ் பெர்சி எழுதி வைத்திருக்கிறார். வயிற்றுக்கடுப்பும் டைஃபாய்டும் அங்கே புகுந்திருக்கும் என்பது பிற்கால ஆய்வாளர்களின் கருத்து.

பெர்சியின் நாக்கு பொய் சொல்லவில்லை என்பதற்குச் சிப்பிகளே ஆதாரம். ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலேயர்கள் கட்டிய கோட்டைக்குள் வெட்டிய ஒரு கிணறு பிற்பாடு குப்பைக்குழி ஆனது. தின்று எறிந்த சிப்பி ஓடுகள் அதில் குவிந்தன. சிப்பி தன் ஓட்டை அடுக்கடுக்காக வளர்க்கும்போது சுற்றியுள்ள நீரின் ஆக்சிஜனை அதில் சேர்த்துக்கொள்கிறது. கனமான வகை ஆக்சிஜன் மழைநீரில் குறைவு, கடல்நீரில் அதிகம். அந்த ஓடுகளைச் சோதித்து 2010-ல் வெளிவந்த ஆய்வின்படி, அன்றைய ஆறு இன்றைக்கு இருப்பதைவிட உப்பாக இருந்தது.

இதில் பாதிக் கதை பவ்ஹாட்டன் மக்களுடையது. ஆங்கிலேயர்களுக்கு மக்காச்சோளம் கொடுத்துவந்தவர்கள் அவர்கள்தான். அது கோடை மழையை நம்பிய பயிர். தங்கள் வயலே காய்ந்து கிடக்கும்போது, வந்தவர்கள் பண்டமாற்றாகவும் பிறகு மிரட்டியும் மூட்டை மூட்டையாகக் கேட்டால் எங்கே போவார்கள்? ‘தர மறுத்தார்கள்’ என்று ஆங்கிலேயர்கள் எழுதிய இடங்களில், தர இல்லாமலும் இருந்திருக்கலாம்.

அதற்காக எல்லாப் பழியையும் வானத்தின்மேல் போட்டுவிடவும் முடியாது. கப்பலைக் கரையோரம் கட்ட ஆழம் இருக்கிறது, ஸ்பானியர்கள் வந்தால் தற்காத்துக்கொள்ளலாம் என்று பார்த்தவர்கள், குடிக்க நல்ல நீர் இருக்கிறதா என்று பார்க்கவில்லை. உறவு கெட்டு, 1609 குளிர்காலத்தில் பவ்ஹாட்டன் வீரர்கள் கோட்டையைச் சூழ்ந்தபோது உள்ளே இருந்தவர்கள் குதிரை, நாய், எலி, பாம்பு என்று கிடைத்ததையெல்லாம் தின்றார்கள். பின்னர் வந்த கப்பல்களால் பெருகியிருந்த சில நூறு பேரில் வசந்தம் வரை தாங்கியது 60 பேர் போல. 1610 ஜூனில் ஊரைக் கைவிட்டுக் கப்பலேறியவர்கள், ஆற்றின் கீழே எதிரே வந்த புதிய ஆளுநரின் கப்பல்களைக் கண்டு திரும்பினார்கள்.

1612-ல் குடியேறியவர்களில் ஒருவரான ஜான் ரோல்ஃப் புகையிலை பயிரிட்டுப் பார்த்தார். மரக்கணக்கில் வறட்சி முடிவதும் அதே ஆண்டோடுதான். லண்டனில் புகையிலைக்கு நல்ல விலை கிடைத்தது; தோட்டங்கள் ஆற்றின் இரு கரையிலும் மேலேறி, பவ்ஹாட்டன் மக்களின் மக்காச்சோள வயல்களுக்குள் நுழையத் தொடங்கின.