‘பாப் இசை மன்னன்’ என்றே சொல்லுங்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 25 அன்று அமெரிக்கப் பாடகர் மைக்கேல் ஜாக்சனைப் பற்றி ஏதாவது ஒரு தொகுப்பைத் தொலைக்காட்சியில் போடுவார்கள். 2009இல் அவர் இறந்த நாள். இந்தத் தடவை நான் பார்த்த ஐந்து நிமிடத் தொகுப்பில் அவரைத் ‘துள்ளிசை வேந்தன்’ என்று மூன்று முறை சொன்னார்கள், நடுவில் ஒருமுறை ‘பாப் அரசர்’ என்றார்கள், முடிக்கும்போது ‘முடிசூடா மன்னன்’ என்றார்கள். ‘பாப் அரசர்’ காலமான நாள் என்று கேட்டதும் அடுத்த அறையிலிருந்த என் அத்தை, அவர் கத்தோலிக்கர், பாப்பரசருக்கு (போப்பாண்டவருக்கு) என்ன ஆயிற்று என்று பதறிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். ஒரே மனிதரின் ‘கிங் ஆஃப் பாப்’ என்ற ஒரே ஆங்கிலப் பட்டத்துக்கு மூன்று மொழிபெயர்ப்பு, மூன்றும் தப்பு. பல வருடமாகக் கேட்டுக் கேட்டுப் பொறுத்துப் போன விஷயம்தான், இனி எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

முதலில் ‘பாப்’ என்ற சொல்லின் பிறப்பு. இலத்தீனில் ‘பாப்புலஸ்’ என்றால் மக்கள். அதிலிருந்து ‘பாப்புலர்’, அதன் வாலை நறுக்கினால் ‘பாப்’. ஆங்கிலத்தில் இதே ஒலியுள்ள இன்னொரு ‘பாப்’ உண்டு. பட்டென்று வெடிப்பதற்கும் சட்டென்று துள்ளி எழுவதற்கும் சொல்வது. அது ஒலிக்குறிப்பிலிருந்து வந்தது, இசைக்கும் அதற்கும் உறவே கிடையாது. அத்தை சொன்ன பாப்பரசரில் உள்ள ‘பாப்பு’ மூன்றாவது ஆள். இலத்தீனில் ‘பாப்பா’ என்றால் தந்தை, அதிலிருந்து வந்தது. இவ்வளவுதான் வேர்.

பாப் இசைக்குத் துள்ளிசை என்ற சொல்லை ஆக்கியவருக்கு அந்த இரண்டாவது ‘பாப்’ கண்ணில் பட்டிருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அப்படி இல்லாவிட்டால், ஜாக்சன் ஆடுவதைப் பார்த்துவிட்டு, ஆடுகிறார், துள்ளுகிறார், ஆகவே துள்ளிசை என்று முடிவுகட்டியிருப்பார்கள். எப்படி வந்திருந்தாலும் பொருந்தவில்லை. 1972இல், 14 வயதில், தனிப் பாடகராக அவருக்கு முதன்முதலில் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசைப் பட்டியலின் முதலிடத்தை வாங்கிக் கொடுத்தது ‘பென்’ என்ற பாட்டு. எலி ஒன்றோடு ஒரு சிறுவன் கொள்ளும் நட்பைப் பற்றிய மெதுவான, ஏக்கமான பாட்டு அது. 1979இல் வந்த ‘ஷீஸ் அவுட் ஆஃப் மை லைஃப்’ பாட்டின் கடைசியில் அவர் குரல் உடைந்து அழுகை கேட்கும். இவை எல்லாம் பாப் இசைதான். இவற்றில் எங்கே துள்ளல்? தாலாட்டு மாதிரி இருக்கிற பாட்டையும் துள்ளிசை என்று சொன்னால் கேட்கிறவன் அந்தச் சொல்லையே நம்பமாட்டான்.

துள்ளலுக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு வீடு இருக்கிறது என்பது இன்னொரு சங்கடம். வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல் என்று யாப்பில் ஓசை நான்கு. கன்றுக்குட்டி தாவுகிற மாதிரி இடையிடையே உயர்ந்து வரும் ஓசையைத்தான் துள்ளல் என்றார்கள். துல்லியமான சொல். அதைத் தூக்கிக் கொண்டுபோய், பாதிப் பாட்டு மெதுவாகவே போகிற ஓர் இசைவகைக்கு ஒட்டுவது நல்ல கத்தியால் மண் தோண்டுவது போல. இலங்கையில் பைலா என்ற ஆட்டத் தாளத்தோடு வந்த பொப்பிசைப் பாடல்களை (பாப் இசையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்)த் துள்ளிசை என்று சொன்னால் எனக்குச் சண்டையே இல்லை. ‘சுராங்கனி’ பாட்டைக் கேட்டால் காலும் கையும் சும்மா இருக்காது, அங்கே அந்தச் சொல் பொருந்துகிறது. ஒரு வகைக்குப் பொருந்துகிறது என்பதற்காக உலகத்துப் பாப் இசைக்கெல்லாம் அதையே போர்த்தினால்தான் சிக்கல்.

நானும் தமிழ்ச் சொல் வேண்டும் என்கிற கட்சிதான். மெல்லிசை எவ்வளவு அழகான ஆக்கம்! ராப் பாட்டைச் சொல்லிசை என்கிறார்கள், கேட்டவுடனே புரிகிறது, பாட்டின் இயல்பும் அதில் இருக்கிறது. அப்படி ஒன்று பாப்புக்கும் கிடைத்தால் முதல் ஆளாக நான் எடுத்துக்கொள்வேன். சரி, என்னென்ன இருக்கிறது? ‘பரப்பிசை’ என்று சிலர் எழுதுகிறார்கள். பரப்புதல் ஒருவன் செய்கிற வேலை. நோயைப் பரப்பலாம், வதந்தியைப் பரப்பலாம். மக்கள் தாமாக விரும்பி எடுத்துக்கொண்டதைப் பரப்பிசை என்றால் யாரோ பிரசாரம் செய்தது போல ஆகிவிடுகிறது. ‘மக்களிசை’ வேருக்கு மிக நெருக்கம், ஆனால் அந்தப் பெயர் நாட்டுப்புறப் பாட்டுக்கும் மேடைகளில் பாடும் போராட்டப் பாட்டுக்கும் ஏற்கெனவே போய்விட்டது. அவர்களிடமிருந்து பிடுங்கி நியூயார்க் இசை நிறுவனங்களுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. ‘வெகுமக்கள் இசை’ விளக்கமாகச் சரி, பெயராக வைத்து வாயில் உருட்ட முடியவில்லை. ஆகவே இப்போதைக்குப் பாப் இசை என்றே இருக்கட்டும். தவறான தமிழ்ச் சொல்லைவிடச் சரியான கடன்சொல் மேல் என்று நான் உறுதியாகவே நம்புகிறேன். கடன்சொல்லை நாளைக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். தப்பான தமிழ்ச் சொல் ஒருமுறை பாடப்புத்தகத்தில் ஏறிவிட்டால் இறக்கவே முடியாது.

பாப் என்ற சொல்லில் உள்ள ‘மக்கள்’ என்ற பொருளை ஏன் இப்படிப் பிடித்துத் தொங்குகிறேன் என்றால், இந்தப் பட்டத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. அமெரிக்க இசையில் ராஜ பட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஜாசில் கிங் ஆலிவர், டியூக் எல்லிங்டன், கவுன்ட் பேசி என்று ஓர் அரண்மனையே உண்டு. பெஸ்ஸி ஸ்மித்துக்கு புளூஸ் பேரரசி என்று பெயர், அரேத்தா ஃபிராங்க்ளின் சோல் இசையின் ராணி. ஆனால் ஒரு முழு இசைவகைக்கே ‘கிங்’ என்று முடிசூட்டும்போது நடந்ததைப் பாருங்கள். ஜாஸ் மன்னன் என்று விளம்பரம் செய்யப்பட்டவர் பால் வைட்மன், அதே பட்டத்தைப் பெயராக வைத்து 1930இல் அவரை வைத்துப் படமும் வந்தது. ஸ்விங் மன்னன் பென்னி குட்மன். ராக் அண்ட் ரோல் மன்னன் எல்விஸ் பிரெஸ்லி. மூவரும் வெள்ளையர். மூன்று இசைக்கும் வேர் கறுப்பின மக்களிடம். கறுப்பினக் கலைஞர்களுக்குத் தனி அறை, தனிப் பட்டியல். பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் அமெரிக்க இசை இதழான பில்போர்டு 1982 முதல் 1990 வரை ஒரு பட்டியலுக்குக் கறுப்பினப் பாடல்கள் என்றே பெயர் வைத்திருந்தது. இசைக் காணொளிகளுக்கான தொலைக்காட்சியான எம்டிவி தொடங்கிய புதிதில் கறுப்பினக் கலைஞர்களின் பாட்டுகளை அதில் பார்ப்பதே அரிது. 1983இல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ அதில் திரும்பத் திரும்ப ஓடியபோதுதான் அந்தக் கதவு அகலத் திறந்தது.

அப்படிப்பட்ட நாட்டில் இந்தியானா மாநிலத்து கேரி நகரின் ஓர் உருக்காலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, சோல் மன்னன் என்றோ கறுப்பின இசை மன்னன் என்றோ இல்லாமல், ‘பாப்’ மன்னன் என்று பேரெடுத்தார். எல்லா மக்களுக்குமான இசைக்கு மன்னன். இதைத் துள்ளிசை என்று மாற்றினால் மிச்சம் இருப்பது ஓர் ஆட்டக்காரர் மட்டும்.

இனி ‘கிங்’குக்கு வருவோம். அரசன், வேந்தன், கோ, மன்னன், சக்கரவர்த்தி என்று நமக்குக் குறைவில்லை, ஆனால் எல்லாம் ஒன்றல்ல. ‘பாப் அரசர்’ ஏன் கூடாது என்பதற்கு அத்தையே சாட்சி. பாப்பரசர் என்ற சொல் திருத்தந்தைக்கு என்று எழுதியாகிவிட்டது, இலங்கைப் பத்திரிகைகளில் இன்றும் அதுதான் வழக்கு. சக்கரவர்த்தி என்றால் பல மன்னர்களுக்கு மேலே இருப்பவன், ஆங்கிலத்தில் அதற்கு வேறு சொல் இருக்கிறது. கிங் என்று சொன்னவர்களை எம்பரர் என்று சொன்னதாக மாற்ற நமக்கு என்ன உரிமை? தவிர, தமிழில் பொப்பிசைச் சக்கரவர்த்தி என்றால் அது ஏ. ஈ. மனோகரன், ‘சுராங்கனி’யை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்தவர். அவர் பட்டம் அவரிடமே இருக்கட்டும். வேந்தன் நல்ல சொல்தான், ஆனால் சங்க வழக்கில் முடியுடை மூவேந்தர் என்று சேர, சோழ, பாண்டியருக்கே அதை ஒதுக்கினார்கள். குடிப்பிறப்பால் வருவது அது. மன்னன் அப்படியல்ல. ‘மன்’ என்பதற்கு நிலைத்தல் என்று பொருள். ‘மன்னா உலகத்து மன்னுதல் குறித்தோர் தம்புகழ் நிறீஇத் தாம்மாய்ந்தனரே’ என்கிறது புறநானூறு; நிலையாத உலகத்தில் நிலைக்க நினைத்தவர்கள் புகழை நட்டுவிட்டுப் போனார்கள். பாட்டுக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான அடிச்சொல் எங்கே கிடைக்கும்? விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவரையும் மெல்லிசை மன்னர்கள் என்றோம், தியாகராஜ பாகவதரை ஏழிசை மன்னர் என்றோம். தடம் போட்டாகிவிட்டது, அதில் நடந்தால் போதும்.

‘முடிசூடா மன்னன்’ என்று எழுதுகிறவர்கள் அந்தத் தொடரின் பொருளை ஒரு நிமிடம் யோசித்திருந்தால் எழுதியிருக்கமாட்டார்கள். அதிகாரம் கையில் இருக்கும், பட்டம் மட்டும் இருக்காது, அவன்தான் முடிசூடா மன்னன். ஜாக்சன் கதை இதற்கு நேர் எதிர். 1989இல் ஒரு விருது விழாவில் நடிகை எலிசபெத் டெய்லர் அவரைப் பாப், ராக், சோல் மூன்றுக்கும் உண்மையான மன்னன் என்று மேடையிலேயே அறிவித்தார். 1991 நவம்பரில் அவருடைய ‘பிளாக் ஆர் வைட்’ பாட்டின் காணொளி வெளியானபோது, தொலைக்காட்சிக்காரர்கள் அவரைப் பாப் மன்னன் என்றே குறிப்பிட வேண்டும் என்று அவர் தரப்பு கேட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. 1992இல் அவர் மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்ட் போனபோது கிரிஞ்சாபோ என்ற ஊரில் சன்வி மக்கள் அவருக்கு அரச பட்டமே சூட்டினார்கள். இவ்வளவு சூடிய மனிதரை முடிசூடா என்றால் எப்படி?

கேட்டு வாங்கிய பட்டம்தானே, அதற்கு அவருக்குத் தகுதி உண்டா என்று உடனே ஒரு கேள்வி வரும். இந்தக் கேள்வியைத் தமிழர்கள் கேட்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. கல்வெட்டுகளின் தொடக்கத்தில் மன்னன் புகழைப் பாடி வரும் மெய்க்கீர்த்தி யார் ஆணையில் வெட்டியது? மும்முடிச் சோழன், கங்கைகொண்டான், கடாரம் கொண்டான் எல்லாம் ஊரார் வாக்களித்துக் கொடுத்தவையா? பட்டத்தை யார் முதலில் சொன்னார் என்பதைவிட, சொன்னதற்குப் பின்னால் செயல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முறை. இருக்கிறது. அவருடைய ‘த்ரில்லர்’ இசைத்தொகுப்பு 1982 இறுதியில் வந்தது, பில்போர்டு இசைத்தொகுப்புப் பட்டியலில் 37 வாரம் முதலிடத்தில் இருந்தது, அதிலிருந்த ஒன்பது பாட்டில் ஏழு முதல் பத்துக்குள் ஏறின, 1984இல் ஒரே இரவில் அவர் எட்டு கிராமி விருது வாங்கினார். பீட்டில்ஸ் குழுவுக்கு அமெரிக்காவில் 20 முதலிடப் பாட்டு, இவருக்கு 13தானே என்று கணக்குக் காட்டுகிறவர்கள் உண்டு. இருக்கட்டும், எண்ணிக்கையை வைத்து மட்டும் இந்தப் பட்டம் வரவில்லை. பாட்டைப் பார்க்கவும் வைத்தவர் அவர். இன்று ஒரு பாடகன் ஆடிக்கொண்டே பாடுகிற காணொளி எந்த நாட்டில் வந்தாலும் அதில் ஜாக்சனின் சாயல் எங்காவது இருக்கும்.

அவர்மீது வந்த கடுமையான சிறுவர் பாலியல் குற்றச்சாட்டுகளைச் சொல்லி, மன்னன் என்று அழைப்பதே தப்பு என்பவர்களும் இருக்கிறார்கள். 2005இல் நீதிமன்றம் எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் விடுவித்தது, பேச்சு அதோடு நின்றுவிடவில்லை, நிற்கவும் போவதில்லை. ஆனால் மன்னன் என்பது நன்னடத்தைச் சான்றிதழ் இல்லையே. செங்கோலும் மன்னன் கையில்தான், கொடுங்கோலும் மன்னன் கையில்தான். அந்த விசாரணையைத் தனியே நடத்துங்கள், சொல்லின் தலையில் அதை ஏற்றாதீர்கள்.

நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள வருத்தம் இதுதான். ஒரு பெயரைக் கண்டால் அது எந்தச் சண்டையில் பிறந்தது என்று பார்ப்பதில்லை, அகராதியைத் திறந்து முதலில் கிடைத்ததை எடுத்துப் போடுகிறார்கள். ஹெவி மெட்டலைக் கன உலோக இசை என்றும் ராக்கைப் பாறை இசை என்றும் எழுதியதைப் பார்த்திருக்கிறேன். ராக் என்றால் அங்கே ஆடுதல், அசைதல். பாறை எங்கிருந்து வந்தது? எழுதியவருக்கும் பாட்டுக்கும் அறிமுகமே இல்லை என்பது ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. ஒரு பாட்டாவது கேட்டுவிட்டு எழுதினால் பாதிப் பிழை வராது.

எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘பாப்பிசை’ என்று சேர்த்து எழுதினால் குழந்தைப் பாட்டு போலப் படிக்க நேர்கிறது, அதனால் பாப் இசை என்று பிரித்தே எழுதுங்கள். இலங்கையில் பொப் என்ற ஒலிப்பு இருப்பதால் பொப்பிசை என்று சேர்த்தாலும் அங்கே குழப்பம் வராது. மன்னனா, மன்னரா என்று கேட்டால், பட்டமாகச் சொல்லும்போது பாப் இசை மன்னன், அவரைப் பற்றிப் பேச்சைத் தொடரும்போது ‘அவர்’, ‘பாடினார்’ என்று மரியாதையாக. மெல்லிசை மன்னர் என்பது போலப் பாப் இசை மன்னர் என்று எழுதினாலும் நான் திருத்தமாட்டேன்.