பேரியாட்ரிக் சர்ஜரி: அப்படின்னா என்ன, தமிழ்ல எப்படி சொல்ல?

வண்ணார்பேட்டை பக்கம் ஆஸ்பத்திரி போர்டுகள்ல இப்ப அடிக்கடி கண்ணுல படுத வார்த்தை பேரியாட்ரிக். பிள்ளைங்க டாக்டர் போர்டுல இருக்க பீடியாட்ரிக்கோட இதைக் குழப்பிக்கிடுத ஆளுங்க உண்டு, ரெண்டுக்கும் பின்பாதி ஒண்ணுதான், முன்பாதி வேற.

கிரேக்கத்துல பாரோஸ்னா கனம், எடை. காத்தழுத்தம் பாக்க பாரோமீட்டர்ல வாரதும் அதே பாரோஸ்தான். இயாட்ரோஸ்னா வைத்தியர். ஆக பேரியாட்ரிக்னா எடை வைத்தியம், சர்ஜரின்னு சேர்த்தாத்தான் கத்தி உள்ள வரும். 1960கள்லதான் இங்கிலீஷ்ல இந்த வார்த்தை பொழக்கத்துக்கு வந்துச்சு, எட்வர்ட் மேசன்ங்கிற அமெரிக்க டாக்டர் எடையக் குறைக்க இரைப்பை பைபாஸ் (சாப்பாடு இரைப்பையில பெரும்பாகத்தத் தாண்டி நேரா குடலுக்குப் போவுத மாதிரி மாத்தி இணைக்கது) பண்ண ஆரம்பிச்சதும் அதே காலந்தான், 1966.

நம்மூர்ல இதை "கொழுப்பு எடுக்க ஆபரேஷன்"னு சொல்லுதாவ. தயவுசெஞ்சு அப்படி சொல்லாதீங்க. கொழுப்பை உறிஞ்சி எடுக்கது லைப்போசக்‌ஷன், அது அழகுக்காகப் பண்ணுதது. இதுல கை வைக்கது இரைப்பையிலயும் குடல்லயும். ஸ்லீவ்ங்கிற முறையில இரைப்பையில முக்காப்பங்குக்கு மேல நீளவாக்குல வெட்டி எடுத்துட்டு மிச்சத்த சட்டைக்கை மாதிரி ஒடுக்கமா விட்டுருவாவ, பசியக் கிளப்புத கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் அந்த வெட்டுன பாகத்துலதான் சுரக்கும், அதனால பசியும் நல்லாக் கொறைஞ்சிரும்.

பத்தாங்கிளாஸ் படிக்க பிள்ளைக்கு இதெல்லாமான்னு கேக்கலாம். பொதுவா பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு காட்டுத கணக்கு) 35-ஐத் தாண்டி கூடவே சுகர், தூக்கத்துல மூச்சு அடைக்கதுன்னு இருந்தா, இல்லைன்னா 40-ஐயே தாண்டிட்டா யோசிப்பாவ. 13 வயசுல இருந்தே, தீவிர பருமன் இருக்க பிள்ளைங்கள இதுக்குப் பரிசோதிக்க அனுப்பலாம்னு அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2023-ல வழிகாட்டியே போட்டுச்சு. அங்க இந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 242 இளவட்டங்கள வச்சு நடந்த ஆய்வுல மூணு வருஷத்துக்குப் பிறகு சராசரி 27 சதவீதம் எடை குறைஞ்சிருந்துச்சு, சுகர் இருந்த பிள்ளைங்கள்ல முக்காவாசிக்கு மேல அது அடங்கிருச்சு, அதே சமயம் பாதிக்கு மேல பேருக்கு இரும்புச்சத்தும் கொறைஞ்சு போச்சு. அதனால சத்து மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் ஆயுசுக்கும் உண்டு, வீட்டுல இதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் சரின்னு சொல்லணும்.

ஒபிசிட்டிங்கிற வார்த்தைக்கு லத்தீன்ல வேர் பாத்தா "தின்னு கொழுத்த"ன்னு வருது, அதாவது வார்த்தைக்குள்ளயே பழி இருக்கு! நம்ம சொந்தக்காரங்க கல்யாண வீட்டுல "என்னலே இப்படி தடிச்சிட்ட, வாயக் கட்டக்கூடாதா"ன்னு கேக்கதும் அதே பழிதான். மரபணு, ஹார்மோன், தூக்கம், சில மருந்துன்னு எவ்வளவோ காரணம் இருக்கையில அந்தப் பிள்ளை நாலு பேர் முன்னால குறுகி நிக்கத பாத்தா வயிறு எரியுது. பருமன்ங்கிற நம்ம சொல்லுல அந்தப் பழி கிடையாது, பரு, பருத்தல், பருமன், எல்லாமே அளவைத்தான் சொல்லுது.

பத்திரிகைல "எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை"ன்னு போடுதாவ, புரியும்தான், ஆனா தராசு முள்ளு இறங்குதத மட்டும்தான் அது சொல்லுது. "உடற்பருமன் அறுவை சிகிச்சை"ன்னா என்ன நோய்க்குன்னு தெளிவா இருக்கு, என் ஓட்டு அதுக்குத்தான். சிகிச்சை வடமொழியாச்சேன்னு நெனைக்கவங்க "உடற்பருமன் அறுவைப் பண்டுவம்"னு எழுதலாம், பண்டுவம் பாக்கதுன்னு நம்ம பக்கத்துப் பெரியாளுங்க வாயில புழங்குன சொல்லுதான். ஸ்லீவுக்கு இரைப்பைக் குறைப்பு, பைபாஸுக்கு இரைப்பை மாற்றுவழின்னு போட்டுக்கிடலாம். டாக்டர்கிட்ட பேசும்போது மட்டும் ஸ்லீவா பைபாஸான்னு அந்தப் பேரச் சொல்லியே கேளுங்க, ரெண்டும் வேற வேற ஆபரேஷன்.